அமிர்திக்குப் போக வேண்டிய பூட்ஸ்

சித்திரை மாதம் வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்தில் என் மானம் போயிற்று. எங்கள் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கும் கவுஸ் பாய் வீட்டுக் கல்யாணம். பாயோடு எனக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம். கொஞ்சம் மரியாதையாகப் போவோமே என்று, பீரோவின் அடித்தட்டில் பெட்டியோடு வைத்திருந்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். நல்ல காரியம் எதற்காவது போட்டுக்கொள்ளலாம் என்று ஒன்பது வருடமாக வைத்திருந்த ஷூ அது. நிக்காஹ் முடிந்து பந்திக்கு நடக்கும்போது காலடியில் ஏதோ நறநறவென்றது. திரும்பிப் பார்த்தால், துடைத்துப் பளபளவென்றிருந்த மண்டபத் தரையில் நான் வந்த வழியெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பொடி. என் ஷூவின் அடிப்பாகம் மக்கி உதிர்ந்துகொண்டிருந்தது. இதில் விசேஷம் என்னவென்றால், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவுக்கு நான்தான் மேனேஜர்.

கவுஸ் பாய் பார்த்துவிட்டார். அவர் பார்க்காத விஷயம் ஒன்று உண்டா?

"இன்னா தோஸ்த், ஊருக்கெல்லாம் சோல் ஒட்ற. உன் சோலு இன்னா இப்டி பேஜார் பண்ணுது?"

பந்தியில் உட்காரும்வரை காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்தே நடந்தேன். பிரியாணி அருமையாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அன்று அதில் கவனமில்லை.

அந்த மாதிரி சோலை பாலியூரிதீன் என்ற பொருளில் செய்கிறார்கள். லேசாக, மெத்தென்று, காலுக்கு இதமாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தினமும் போட்டு நடந்தால் வருடக்கணக்கில் உழைக்கும். பத்திரமாகப் பெட்டியில் வைத்தால், காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். வெளியே பார்த்தால் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தது போலவே இருக்கும். காலில் மாட்டி நடந்தால்தான் வண்டவாளம் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை வருடா வருடம் நான்தான் வகுப்பெடுக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டு பீரோவிலேயே இந்தக் கூத்து.

கை கழுவப் போன இடத்தில் குனிந்து அந்தப் பொடியைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஈரமான பழைய ரொட்டி மாதிரி பிசுபிசுவென்றிருந்தது. ஹெலேனாம்மா நினைவுக்கு வந்துவிட்டார்.

பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் சோல் பிரிவில் சூப்பர்வைசர். தண்ணீரில் கரைத்த புது வகை சொல்யூஷன் ஒன்றை ஐரோப்பியக் கம்பெனிகள் கேட்க ஆரம்பித்திருந்தன. சொல்யூஷன் என்று நாங்கள் சொல்வது சோல் ஒட்டுகிற பசையை. அதைக் கற்றுக்கொண்டு வா என்று மூன்று வாரத்துக்கு என்னை இத்தாலிக்கு அனுப்பினார்கள். அர்னோ ஆற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. நம் பாலாற்றங்கரை மாதிரிதான், ஒரே வித்தியாசம் அவர்கள் ஆற்றில் தண்ணீர் ஓடியது.

பயிற்சிக் கூடத்து விருந்தினர் அறையில் இடமில்லாததால் பக்கத்து ஊர் ஹாஸ்டலில் எனக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். ஹாஸ்டல் என்றதும் வேலூரில் நான் படித்த காலத்து ஹாஸ்டலை நினைத்துக்கொண்டு போனேன். வார்டன், வரிசைத் தட்டு, தண்ணிச் சாம்பார். அங்கே பார்த்தால், மடம் போல ஒரு பழைய கல் கட்டடம், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு அத்திமரம், ஒரே அறையில் எட்டுப் பேருக்கு அடுக்குக் கட்டில்கள். ரோமுக்கு நடந்தே யாத்திரை போகிறவர்கள் வழியில் தங்கிப் போகிற இடம். ஆண்களும் பெண்களும் அதே அறையில்தான். இதை நான் வீட்டுக்குப் போன் பண்ணும்போது சொல்லவில்லை. என் மனைவி கலவை ஊர்க்காரி, கேள்வி கேட்டு மாளாது. இதைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

நான் போய்ச் சேர்ந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். காற்று திரும்பியதும் ஆற்றுப் பக்கத்திலிருந்து பச்சைத் தோல் வாசனை குப்பென்று வந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்று மூச்சை இழுத்து விட்டேன். பயிற்சியின் முதல் ஐந்து நாளும் ஒரு வாசனையும் இல்லாத ஊர்களில் இருந்துவிட்டு, திடீரென்று நம் பைபாஸ் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியது போலிருந்தது. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

வாசலில் ஒரு மரத்தட்டு. உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் செருப்பு, ஷூவை அதில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இங்கேதான் நான் தப்புச் செய்தேன். எங்கள் தொழிலில் இருக்கிறவனிடம் போய் ஷூ அடுக்கிய தட்டைக் காட்டக் கூடாது. கை சும்மா இருக்காது. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். இன்னொன்றின் தோலைக் கட்டைவிரலால் அழுத்தி, சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்தேன். அடுத்ததை மூக்கில் வைத்து முகர்ந்தேன். ஆம்பூர் கடைத்தெருவில் ஒருத்தன் இப்படிச் செய்தால் எதிரில் இருப்பவன், 'எந்தக் கம்பெனி?' என்று கேட்பான். அங்கே என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

தட்டின் மூலையில் ஒரே மாதிரி இரண்டு ஜோடி மலையேற்ற பூட்ஸ் இருந்தன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. முழுத்தோல், பிரமாதமான சரக்கு. சின்னதை எடுத்து அடியைத் திருப்பி, கட்டைவிரலால் சும்மா ஒரு அழுத்து அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. சோலில் ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரில் மூன்று பேர்.

ஒருவர் அந்த ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்ளும் ப்ரூனோ, ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருவன் தியாகோ, பிரேசிலிலிருந்து சைக்கிளோடு வந்தவன், நம் கோயில் தேரை ஒற்றை ஆளாகத் தள்ளுவான் போன்ற உடம்பு. மூன்றாவது, வெள்ளை முடியை இறுக்கிப் பின்னலிட்ட ஒரு பெண்மணி. அவருடைய பூட்ஸின் ஒரு துண்டுதான் என் கையில் இருந்தது. எல்லாருக்கும் உடைந்த ஆங்கிலம்தான். இத்தனை வருடத்தில் அந்தப் பேச்செல்லாம் என் நினைவில் நம் ஊர்ப் பேச்சாகவே மாறிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இன்னா பண்ணிட்டே என் பூட்ஸை?" என்றார் அந்தப் பெண்மணி.

"நான் ஒண்ணும் பண்ல. அது ஏற்கெனவே செத்துப் போயிருக்கு" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் சொல்லுகிற முதல் வார்த்தையா இது? தியாகோ என் சட்டைக் காலர் பக்கமாகக் கையைக் கொண்டுவந்தான். நான் அவசர அவசரமாக என் கம்பெனி அட்டையைக் காட்டி, ஆம்பூர், ஷூ, சோல் என்று உளறினேன். பிறகு அந்தப் பெரிய ஜோடியையும் எடுத்து அழுத்திக் காட்டினேன். அதிலும் விரல் போயிற்று. ஒரு நாள்கூடக் காலில் மாட்டாத ஜோடி என்பது பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பெண்மணி முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்தான் ஹெலேனாம்மா. போலந்துக்காரர், வயது அறுபத்தேழு. தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவர். கணவர் யானும் அதே ஆபீஸ்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் ரோமுக்கு நடந்து போவது என்று பேசி வைத்து, ஒரே நாளில் ஒரே கடையில் இரண்டு ஜோடி பூட்ஸ் வாங்கியிருக்கிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் யான் இறந்துவிட்டார். இரண்டு பெட்டியும் கட்டிலுக்கடியில் பதினொரு வருடம் கிடந்தன. அந்த வருடம் அவருக்கு மூட்டுவலி ஆரம்பிக்க, இனியும் தள்ளிப்போட்டால் முடியாது என்று ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு, மற்றதைப் பையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வடக்கு இத்தாலி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஒன்பது நாள் நடந்திருந்தார். ரோமுக்கு இன்னும் பதினெட்டு நாள் நடை பாக்கி.

"திங்கக்கிழமை கடை தொறக்கும். புதுசு வாங்கிக்கலாமே" என்றார் ப்ரூனோ.

"புதுசுல போனா நான் மட்டுந்தான் போய்ச் சேருவேன். இதுல போனாத்தான் நாங்க ரெண்டு பேரும்" என்றார் ஹெலேனாம்மா. அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் யாரும் புதுசு பற்றிப் பேசவில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர் கம்பெனிக்கு வந்து எதைக் கேட்டாலும், முடியுமா முடியாதா என்று யோசிப்பதற்கு முன்னால் வாய் 'நோ ப்ராப்ளம்' என்று சொல்லிவிடும். அவர் காரில் ஏறிப் போனபிறகு உள்ளே வந்து தலையில் கை வைத்துக்கொள்வோம். அன்று என் வாயும் அதையே சொன்னது. "நோ ப்ராப்ளம். நாளைக்கு நான் சரி பண்ணித் தர்றேன்."

எதை வைத்துச் சரி பண்ணுவது? பயிற்சியில் கொடுத்த சொல்யூஷன் சாம்பிள் பாட்டில்கள் இரண்டு என் பெட்டியில் இருந்தன, ஊருக்கு எடுத்துப்போய் சோதனை செய்வதற்காக. தோல் சீவும் கத்தி இருந்தது. சோல்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஒரு ஈ காக்கை நடமாடவில்லை. காலை காப்பி குடித்துக்கொண்டே யோசித்தவன், தற்செயலாக வாசல் தட்டைப் பார்த்தேன். அங்கே என் ஷூ இருந்தது. எங்கள் கம்பெனியில் செய்தது. தட்டையான கறுப்பு ரப்பர் சோல், அளவு நாற்பத்தொன்று. ஹெலேனாம்மா காலுக்கு முப்பத்தெட்டு. சுற்றிலும் சீவினால் சரியாகிவிடும்.

என் ஷூவை நானே பிய்க்க உட்கார்ந்தேன். அது வர வேண்டுமே! எங்கள் சோல் வரிசையில் கஸ்தூரியக்கா என்று ஒருவர். கையால் சொல்யூஷன் தடவுவதில் அவருக்கு ஈடு அந்தக் கம்பெனியிலேயே கிடையாது. தரம் பார்க்க யாராவது வந்தால், ஒட்டிய ஷூ ஒன்றை அவர்கள் முன்னால் போட்டு, "பிச்சிப் பாரு சார். தோலு கிழியும், என் ஒட்டு வராது" என்பார். நாங்கள் சிரித்துக்கொள்வோம். அன்று அத்திமரத்தடியில் தியாகோ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இழுத்தபோது, அக்கா சொன்னபடியே தோல்தான் டர்ரென்று கிழிந்தது. சோல் அப்படியே இருந்தது. நான் அக்காவைத் திட்டவும் திட்டினேன், பெருமையில் மார்பு விம்மவும் விம்மியது. தியாகோவிடம் "இது ஒட்டுனது எங்க கஸ்தூரியக்கா" என்றேன். அவன் அந்தப் பெயரை மரியாதையாக இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான்.

பிறகுதான் புத்தி வந்தது. சூடு காட்டினால் பசை இளகும். கொரியாவிலிருந்து தனியாக நடந்து வந்திருந்த மின்ஜி என்ற பெண்ணிடம் தலைமுடி உலர்த்தும் மெஷின் இருந்தது. எட்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெண். கேட்டதும், நான் சோலைத் தலைமுடி மாதிரி காயவைக்கப் போகிறேன் என்று தெரிந்தும், ஒன்றும் கேட்காமல் எடுத்து வந்து தானே பிடித்துக்கொண்டாள். சோல் வந்தது.

அதற்கப்புறம் அந்த முற்றம் எங்கள் கம்பெனியின் ஒரு வரிசை மாதிரி ஆகிவிட்டது. ஹெலேனாம்மா பூட்ஸ் அடியில் இருந்த மக்கலையெல்லாம் தியாகோ சுரண்டினான். அவனுடைய பஞ்சர் டப்பாவிலிருந்த உப்புத்தாளால் ப்ரூனோ ரப்பரைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். ரயில் ஓட்டியவர் இல்லையா, ஒரு அங்குலம் விடாமல் ஒரே சீராகத் தேய்த்தார். நான் சொல்யூஷன் தடவினேன். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு கை பூசினேன். மறுபடி காயவிட்டு, மின்ஜி சூடு காட்ட, சரியான பதத்தில் ஒட்டினேன்.

ஒட்டினால் போதாது, அழுத்த வேண்டும். கம்பெனியில் அதற்குப் பெரிய மெஷின் இருக்கிறது. ஷூவுக்குள் கால் வடிவத்தில் ஒரு அச்சு இருக்கும், அதன்மேல் மெஷின் இறங்கும். இங்கே அச்சுக்கு எங்கே போவது? ஹெலேனாம்மா கால்தான் அச்சு. அவரைப் பூட்ஸுக்குள் காலை விட்டு நேராக நிற்கச் சொல்லி, நாங்கள் நாலு பேரும் அவர் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினோம். மின்ஜி கொரிய மொழியில் எண்ணினாள். அறுபத்தேழு வயதுப் பெண்மணியை நாலு பேர் சேர்ந்து தரையில் நடுவது போலிருந்திருக்கும் பார்ப்பவர்களுக்கு. அவர் விழுந்து விழுந்து சிரித்ததில் வலது காலின் முன்நுனி லேசாக அசைந்துவிட்டது. நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்தது. பூட்ஸ் பார்க்க ஜோராக இருந்தது. ஹெலேனாம்மா அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ரோம் வரைக்கும் வருமா?"

"நோ ப்ராப்ளம்" என்றேன்.

வேறென்ன சொல்வேன்? ஆனால் எனக்குத் தெரியும். அந்தச் சொல்யூஷன் முழுப் பிடிப்பு பிடிக்க ஒரு நாள் அசையாமல் இருக்க வேண்டும். அவரோ மறுநாள் காலையில் கிளம்புகிறவர். அங்கே சட்டம் அப்படி, நடந்து வருகிறவர்கள் ஒரு இரவுதான் தங்கலாம். பூட்ஸ் பிய்ந்ததற்காக ப்ரூனோ ஏற்கெனவே அவருக்கும் உதவிக்கு நின்றவர்களுக்கும் ஒரு இரவு கூடுதலாகக் கொடுத்திருந்தார். வலது நுனி வேறு சந்தேகம். கம்பெனியில் இருந்தால் அந்த ஜோடியை நானே ஒதுக்கி வைத்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை, ஹெலேனாம்மா பூட்ஸை மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டி, பையையும் தோளில் போட்டுக்கொண்டு காப்பி குடிக்க வந்தார். அந்தப் புது சோல் தரையில் ஒவ்வொரு தரம் படும்போதும் என் கண் வலது நுனிக்கே போயிற்று. ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் கூட நான் அப்படி நின்றதில்லை.

"ஹெலேனாம்மா, நேத்து நான் சொன்னது பொய். இன்னிக்கு நடந்தா ரெண்டே நாள்ல பிச்சிக்கும். இன்னும் ஒரு நாள் அசையாம வெச்சா ரோம் வரைக்கும் போகலாம். அப்பவும் வலது கால் நுனி எனக்கு உறுதியில்ல."

தியாகோ என்னை முறைத்த மாதிரிகூட இருந்தது. ஹெலேனாம்மா பையை இறக்கி வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"யானோட டாக்டரும் நோ ப்ராப்ளம்னுதான் சொன்னாரு. அப்பவே உண்மையைச் சொல்லியிருந்தா அந்த வருஷமே நடந்திருப்போம்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ ராத்திரிக்குள்ளயே திருந்திட்ட. பரவால்ல."

ப்ரூனோ பதிவேட்டை எடுத்து வந்தார். உடம்பு சரியில்லாத யாத்ரீகர் கூடுதல் நாள் தங்கலாம் என்று அவர்கள் சட்டத்தில் இடம் உண்டாம். 'நோயாளி' என்ற இடத்தில் அவர் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்: பூட்ஸ், இடது, வலது. தியாகோ, "அமுக்குனது நானு, ரிசல்ட் பார்க்காம எப்டிப் போறது?" என்று சைக்கிளை மறுபடி சுவரில் சாய்த்தான். மின்ஜி தன் பையை அவிழ்த்துக் கட்டிலில் போட்டாள். அவளுக்கு ஊர் திரும்ப விமானத் தேதி குறித்தாகிவிட்டது என்றும், இன்னும் ஒரு நாள் நின்றால் ரோமை எட்ட முடியாது, ரோமுக்கு முந்தைய ஊரோடு திரும்ப வேண்டியதுதான் என்றும் பிறகு ப்ரூனோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. எட்டு வார்த்தை பேசுகிறவள், யாரோ ஒருவருடைய பூட்ஸுக்காகத் தன் யாத்திரையின் முடிவையே விட்டுக்கொடுத்தாள், அதையும் சொல்லாமல்.

நான் ரப்பர் செருப்போடு பயிற்சிக்குப் போனேன். ஷூ கம்பெனி சார்பில் வந்தவன் செருப்போடு நிற்பதைப் பார்த்து அங்கிருந்த பெரியவர் புருவத்தை உயர்த்தினார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சொல்யூஷனில் இன்னும் இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுத்து, என்னைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார். அந்தக் கோடையில் அங்கே சூரியன் இறங்க மனமில்லாமல் மேற்கே தொங்கிக்கொண்டே இருக்கும். முற்றத்தில் பூட்ஸ் இரண்டும் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருக்க, நாங்கள் ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து பட்டாணி உரித்தோம். ப்ரூனோ தான் ஓட்டிய ரயில் பாதையில் வரும் ஸ்டேஷன்களைக் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொன்னார். ஹெலேனாம்மா கிழிந்த விலாசம், மழையில் கரைந்த விலாசம் எல்லாவற்றையும் தாங்கள் எப்படிக் கண்டுபிடித்துச் சேர்ப்போம் என்று சொன்னார். நான் எலுமிச்சை சாதம் கிளறினேன், கொஞ்சம் குழைந்துவிட்டது. தியாகோ மூன்று தட்டு சாப்பிட்டான். யார் என்ன உத்தியோகம், என்ன சாதி சனம், யாருக்கு எத்தனை பிள்ளை என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. நம் ஊரில் ரயிலில் ஏறி ஜோலார்பேட்டை வருவதற்குள் இதெல்லாம் கேட்டு முடித்திருப்போம். நம் வழக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றுமே கேட்காமல் ஒரு ஆளைப் பிடித்துப்போக முடியும் என்று அங்கேதான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பும்போது ஹெலேனாம்மா பையில் தொங்கிய யானின் பூட்ஸை அவிழ்த்தார். என் காலைப் பார்த்தார். "நாப்பத்திரெண்டு. உனக்கு ரெண்டு சாக்ஸ் போட்டா சரியா இருக்கும்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். ரோமில் கொண்டுபோய் வைக்க வேண்டியதல்லவா?

"ரோம்ல வெச்சா அங்கேயும் பெட்டிக்குள்ளதான் கெடக்கும். உங்க கம்பெனில சோல் போட்டுக்கோ. போட்டுட்டு நட. பத்திரமா மட்டும் வெச்சிடாத. உங்க ஊர்ல நடக்க எடம் இருக்கா?"

எனக்குச் சட்டென்று வாயில் வந்தது வேலூர் பக்கத்து அமிர்திதான். கம்பெனியில் வருடத்துக்கு ஒரு தரம் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போவார்கள். காடு, ஒற்றையடிப் பாதை, கடைசியில் ஒரு அருவி. அதை எல்லாம் கை காட்டிச் சொன்னேன். அவர் ஒரு சின்ன நோட்டை எடுத்து அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.

"எங்க யானுக்கு அந்த எடத்தைக் காட்டுவியா?"

"நோ ப்ராப்ளம்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்துபோனார். கல் பாவிய தெருவில் என் ஷூவின் சோல் அவர் காலில் திரும்பிப் பார்க்காமல் போயிற்று. தெருமுனை வரை தியாகோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே போனான். மின்ஜி நாலடி பின்னால்.

ஒன்றரை மாதம் கழித்து ஆம்பூர் கம்பெனி விலாசத்துக்கு ஒரு அஞ்சல் அட்டை வந்தது. கவுஸ் பாய்தான் கொண்டுவந்து கொடுத்தார். தபால் ஆபீஸ்காரர் எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. 'உன் சோல் ரோம் வந்தது. கடைசி இரண்டு நாள் வலது நுனி விரல் அகலம் திறந்தது. நீ சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. நாடாவால் கட்டிக்கொண்டேன்.' கீழே ஒரு வரி: 'யான் அமிர்திக்குப் போய்ச் சேர்ந்தாரா?'

நான் பதில் எழுதவில்லை. பூட்ஸ் அப்போது வீட்டுப் பரணில் இருந்தது. நாளைக்குச் சோல் போட்டுவிடலாம், போட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்திக்குப் போய்வந்து, போட்டோவோடு நன்றாக ஒரு கடிதம் எழுதலாம் என்றிருந்தேன். ஒரு நாளைக்கு ஆயிரம் சோல் என் கண் முன்னால் ஓடுகிறது. அதில் ஒரு ஜோடியை எடுத்து ஒட்ட எனக்கு நாள் கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? இன்னும் போகவில்லை என்று உண்மையை ஒரு வரியில் எழுதியிருக்கலாம். அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். வருடம் கூடக்கூட வெட்கமும் கூடிவிட்டது. ரோமுக்குச் சொன்ன நோ ப்ராப்ளத்தை ஒரே இரவில் திருத்திக்கொண்டவன், அமிர்திக்குச் சொன்னதை அப்படியே விட்டுவிட்டேன்.

வாணியம்பாடிக் கல்யாணம் முடிந்து வந்த அன்றைக்கே பரணில் ஏறினேன். பெட்டியைத் திறந்தால், மேல்தோல் எண்ணெய் வற்றிக் கிடந்தாலும் அப்படியே உறுதியாக இருந்தது. கீழே இருந்தது வெறும் தூள். மறுநாள் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். இப்போது சொல்யூஷன் தடவுவது மெஷின் கை. கஸ்தூரியக்கா ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. ஆகவே சாப்பாட்டு நேரத்தில் நானே உட்கார்ந்து உப்புத்தாள் போட்டு, இரண்டு கை தடவி, சூடு காட்டி ஒட்டினேன். கவுஸ் பாய் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா தோஸ்த், மேனேஜரு மறுபடி லைனுக்கு வந்துட்டியா?" என்றார். முழுதாக ஒரு நாள் அசையாமல் வைத்தேன். அடுத்த ஞாயிறு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு அமிர்திக்குப் போனேன். வலது குதிகாலில் கொஞ்சம் கடித்தது. அருவியில் தண்ணீர் கம்மி. ஆனால் போய்ச் சேர்ந்தோம்.

போட்டோவை வைத்து, அந்த அஞ்சல் அட்டையிலிருந்த விலாசத்துக்கு எழுதினேன். போன வியாழக்கிழமை கடிதம் திரும்பி வந்துவிட்டது. மேலே ஒரு முத்திரை, போலந்து மொழியில் ஏதோ ஒரு வார்த்தை. என் மகள் போனைக் காட்டிப் படித்து, அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம் என்றாள். இணையத்தில் அந்த ஹாஸ்டலையும் தேடிக் கொடுத்தாள். கட்டடம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை போட்டிருக்கிறார்கள். கதவுக்கு எண் பூட்டு, யார் முகத்திலும் விழிக்காமல் வந்து படுத்துவிட்டுப் போகலாமாம். வாசலில் அந்த மரத்தட்டைக் காணோம். தியாகோ, மின்ஜி விலாசமெல்லாம் நான் வாங்கி வைக்கவேயில்லை. ப்ரூனோ இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார். கிழிந்த விலாசத்தைக்கூடக் கண்டுபிடித்துச் சேர்ப்பவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். கடிதம் அவருக்கே எழுதியது.

அதனால்தான் உங்களிடம் சொல்லிவைக்கிறேன். யான் அமிர்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், ஹெலேனாம்மா. பதினெட்டு வருடம் தாமதம்.